இரண்டாம் கியரில் இறங்குகிறவள்

பம்பரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்பதில் தகராறு உண்டு. நான்தான் என்பார் வீட்டுக்காரர். இல்லை, நான்தான் என்பார் வேனில் முன்சீட்டுக்குப் பட்டா போட்டு வைத்திருக்கும் தபால்காரர். யார் வைத்தால் என்ன, பொருத்தமான பெயர். நாற்பத்தாறு வயதாகியும் கால் ஓரிடத்தில் பாவாது. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போவாள். சாத்திவிட்டுத் தட்டை மறந்து துணி மடிக்க உட்கார்ந்துவிடுவாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள், கேட்காததற்கும் சேர்த்துச் சொல்வாள். முடிவெடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எடுத்த முடிவு சரிதானா என்ற யோசனை மட்டும் மறுநாள்தான் வரும்.

அப்பேர்ப்பட்டவள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். தோள் இறங்கிவிடும், வாய் மூடிவிடும். முப்பத்துநான்கு வயது வரை மலையடிவாரத்தில் ஒரு மருத்துவ மையத்தின் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். ஒருநாள் திடீரென்று லைசென்ஸ் எடுத்து வந்து நின்றாள். அதிலிருந்து பன்னிரண்டு வருடமாக வேன். மலைமேல் இருக்கும் ஊரிலிருந்து கீழே இருக்கும் அந்த மையத்துக்கு டயாலிசிஸ் நோயாளிகளை இறக்கிக்கொண்டு போக வேண்டும், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பதினொரு பேர், பதினான்கு வளைவு. திங்கள், புதன், வெள்ளி அவள் முறை. செவ்வாய், வியாழன், சனி வேறு நோயாளிகள், அதே வேன். ஓட்டுவது அவள் தம்பி. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான்.

வேன் ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. டிரைவில் போட்டுவிட்டால் கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். ஆனால் மேலே தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிச் சாலை தலைகுப்புறச் சரியும் இடம் வந்ததும் பம்பரம் வேகத்தைக் குறைத்து, நெம்புகோலை டிரைவிலிருந்து இரண்டுக்கு இழுத்துவிடுவாள். எஞ்சின் ஊவென்று கத்தும். கத்திக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரேக்கை வளைவில் மட்டும் தொட்டால் போதும். பதினொரு பேரில் ஒருவரான தபால்காரருக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கமே வரும். மூன்றாவது வளைவில் தொடங்கும் குறட்டை பதினான்காவதில் நிற்கும்.

இந்தச் சத்தம் பிடிக்காத ஒருவர் இருந்தார். போக்குவரத்துப் பொறுப்பாளர். மேலே ஊரில் இருக்கும் ஓட்டுநர்கள் அறையில் பச்சைப் பலகை ஒன்றை மாட்டி, யார் மாதத்துக்கு எத்தனை லிட்டர் டீசல் எரித்தார்கள் என்று சாக்பீஸால் எழுதி வைப்பார். குறைவாக எரித்தவர் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வரைவார். அதனால் அவருக்குப் பெயர் பலகை சார். நட்சத்திரம் எப்போதும் தம்பிக்குத்தான். பம்பரம் எப்போதும் கடைசி. சாயங்காலம் நோயாளிகள் குளிரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வருவார்களே என்று கால் மணி நேரம் முன்பே எஞ்சினை ஓடவிட்டு உள்ளே சூடாக்கி வைப்பாள். டீசல் போனது அதில். பலகை சாரோ எல்லாப் பழியையும் அந்த இரண்டாம் கியர் தலையில் கட்டினார். கத்துகிற எஞ்சின் குடிக்கத்தானே செய்யும் என்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. ஆட்டோமேட்டிக் என்றால் அதுவே பார்த்துக்கொள்ளும், நடுவில் நீங்கள் கையை வைத்து இழுத்தால் கியர்பாக்ஸ் பல்லெல்லாம் கழன்றுவிடும் என்று வேறு சொல்லி வைத்தார்.

வெளியே அவள் அசைந்துகொடுக்கவில்லை. உள்ளே அரிக்கத் தொடங்கிவிட்டது. கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்துக் கேட்டாள். உதிரிபாகக் கடைக்காரர் கெடும் என்றார். பஸ் ஓட்டுகிறவர் கெடாது என்றார். பல் டாக்டரிடம் பல்லைக் காட்டப் போனவள் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே அவரிடமும் கேட்டாள், அவரும் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறார் என்பதற்காக. தம்பி மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னான், நீ இழுக்கிற இழுப்பில் அது கதறுது அக்கா என்று. தண்ணீர்த் தொட்டி வரும்போதெல்லாம் கை நெம்புகோலுக்குப் போகும், திரும்பும், மறுபடி போகும். கடைசியில் இழுத்துவிடுவாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பதினொரு பேரை வெறும் பிரேக்கை நம்பி அந்தச் சரிவில் இறக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நடந்தது இது. மேலே ஏறி வரும்போது ஐந்தாவது வளைவில் வேன் நின்றுவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. அடியிலிருந்து தீய்ந்த வாடை. வேறு வண்டி வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரத்தம் சுத்தமாகி வந்த களைப்பில் துவண்டு கிடந்த பதினொரு பேரும் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. வேனைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். தபால்காரர் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "நீ சுத்துறதப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது, உக்காரும்மா. வீட்டுக்குப் போய் மட்டும் நான் என்ன கோட்டையா பிடிக்கப் போறேன்" என்றார். சொன்னவருக்குக் குளிரில் பல் கிட்டியிருந்தது. அதைப் பார்த்தவளுக்கு, நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன் என்று மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் பலகை சார் மேசைமேல் ஒரு கடிதம் இருந்தது. இறக்கத்தில் இரண்டாம் கியரைப் பயன்படுத்தியதால் கியர்பாக்ஸ் பழுதானது, தவறு என்னுடையது, இப்படிக்கு என்று கையெழுத்துப் போட்டு அவளே கொண்டுபோய் வைத்தாள். கியர்பாக்ஸை இன்னும் யாரும் கழற்றக்கூட இல்லை. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று கேட்டால், இருந்தாள். பலகை சார் கெட்டவர் இல்லை. ஆனால் தேடாமலே கைக்கு வந்த பதிலை யார்தான் வேண்டாம் என்பார்கள்? கடிதத்தைக் கோப்பில் வைத்தார். திங்கள்கிழமை பத்து மணிக்கு நிர்வாகி வருகிறார், அதுவரை மாற்று வண்டியைத் தொட வேண்டாம், உங்கள் நாட்களையும் தம்பியே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். பெரும்பாலும் திரும்பச் சலவைக்கூடம்தான் என்பதையும் மென்று விழுங்கிச் சொல்லிவிட்டார்.

சலவைக்கூடம் என்றதும் அவள் பயந்துபோனாள். வேலையை நினைத்து இல்லை. நாளெல்லாம் சுற்றுகிற அவள் நின்று மூச்சுவிடுகிற இடம் அந்த ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான். அது போய்விட்டால் அவள் சாகும்வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கியர்பாக்ஸ் பட்டறைக்குப் போனாள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற மெக்கானிக் ஒருவர், பேச்சுக்கு ஆகிற நேரத்தில் ஒரு திருகைக் கழற்றிவிடலாம் என்று நினைக்கிற ஆள். அவர் உட்காரச் சொன்னார். அவள் பட்டறையைப் பெருக்கினாள். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். அவள் அவருடைய ஸ்பானர்களையெல்லாம் துடைத்து அளவு வாரியாக அடுக்கி வைத்தாள். பத்து வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஸ்பானரை அன்று அவர் அரை மணி நேரம் தேடினார். தயவுசெய்து நாளைக்கு வாங்க என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனபோது கியர்பாக்ஸ் மேசைமேல் பிரிந்து கிடந்தது. தட்டில் வடித்து வைத்திருந்த எண்ணெய் கன்னங்கரேலென்று இருந்தது. மெக்கானிக் முதலில் வளையம்போல் வளைந்த ஒரு பட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"நீங்க இரண்டுல போட்டு இறங்கும்போது வண்டியப் பிடிக்கிறது இதுதான். தேய்மானமே இல்ல பாருங்க."

பிறகு வட்ட வட்டமான தட்டுகள் சிலவற்றைத் துணியில் பரப்பினார். ஓரமெல்லாம் கருகி, தொட்டால் கையில் பொடி ஒட்டியது.

"போனது இது. நியூட்ரல்ல இருந்து டிரைவுக்குப் போடும்போது பிடிக்கிற தட்டு. வண்டி நிக்கும்போது போட்டா ஒண்ணும் ஆகாது. வேகமா உருண்டுக்கிட்டு இருக்கும்போது போட்டா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தீயும். இறக்கத்துல யாரோ நியூட்ரல்ல தள்ளி உருட்டியிருக்காங்க. ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, மாசக்கணக்கா."

அப்படியானால் இரண்டில் போடுவது கெடுதல் இல்லையா என்று அவள் நாலு விதமாகக் கேட்டாள். நாலுக்கும் அவர் ஒரே பதிலைச் சொன்னார். இறக்கத்துக்கென்றுதான் அந்த இரண்டையே வைத்திருக்கிறார்கள். தலைதெறிக்க ஓடும்போது வெடுக்கென்று இழுத்தால்தான் தப்பு, வேகத்தைக் குறைத்துவிட்டுப் போட்டால் கியர்பாக்ஸுக்கு ஒரு கேடும் இல்லை. சரி, டீசல் என்றாள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது எஞ்சின் கத்துமே தவிர டீசல் குடிக்காது என்றார்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கரிப்பொடி ஒட்டிய கையோடு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இதை எழுதித் தர முடியுமா என்றாள். ஆபீஸில் மாற்றிய சாமான் என்னென்ன என்றுதான் கேட்டார்கள், ஏன் போனது என்று கேட்கவில்லை, உங்களுக்கு வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன் என்று ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசல் வரை வந்தவள் அப்படியே நின்றாள். அந்த வேனுக்கு இரண்டே ஓட்டுநர்கள். ஒன்று அவள்.

நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சின்ன அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். குழந்தைக்கென்று தயாராகிற அறை. அவனுக்கு எட்டு வயது மூத்தவள் இவள். பள்ளிக்கூடத்தில் அவன் உடைத்த கண்ணாடிக்கெல்லாம் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றதும் இவள்தான். தம்பி மனைவி உள்ளே படுத்திருந்தாள். இவள் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைக் கேட்டாள். அவன் முதலில் பூசி மெழுகினான். அந்த மெக்கானிக்குக்கு என்ன தெரியும் என்றான். அப்புறம், லாரிக்காரன் எவன் இறக்கத்தில் நியூட்ரல் போடாமல் இருக்கிறான், போடாமல் நட்சத்திரம் எங்கிருந்து வரும் என்றான். கடைசியில் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"நீதான் எழுதிக் குடுத்துட்டியே அக்கா. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. உனக்குச் சலவைக்கூடமாவது இருக்கு. என்னை வெளியதான் அனுப்புவாங்க."

அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே அந்த மஞ்சள் சுவரும் கண்ணில் பட்டது. வழக்கம்போல யோசிக்காமல் முடிவெடுத்தாள். சரி, கடிதம் அப்படியே இருக்கட்டும், பழி என்னோடு போகட்டும் என்றாள். ஆனால் ஒன்று. இனிமேல் அந்தச் சரிவில் நியூட்ரல் கூடாது. பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எழுந்து ஓடக்கூட முடியாது, பிரேக் சூடேறிக் கைவிட்டால் பிடிக்க எஞ்சினாவது வேண்டாமா என்றாள்.

"போட மாட்டேன் அக்கா. வயித்துல இருக்குற பிள்ளை மேல சத்தியம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் வீட்டில் இருந்த அலமாரிகளையெல்லாம் காலி செய்து திரும்ப அடுக்கினாள். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. மனைவி அலமாரியைக் காலி செய்யும்போது கேள்வி கேட்கக்கூடாது என்பது அவர் கல்யாணமான புதிதிலேயே கற்றுக்கொண்டது. ஞாயிறு சாயங்காலம் மூன்றாவது அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவளே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவன் சத்தியத்த நீ நம்புறியா?" என்றார். நம்புகிறேன் என்று சட்டென்று சொன்னாள். சொன்ன வேகத்திலேயே அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது.

திங்கள் காலை ஆறரை மணிக்கு ஒற்றையடிப் பாதையில் இறங்கி ஏழாவது வளைவுக்குப் போய் நின்றாள். அங்கே சாலையை ஒட்டி ஒரு பெரிய பாறை. எந்த வண்டி இறங்கினாலும் எஞ்சின் சத்தம் பாறையில் பட்டு இரண்டு மடங்காகத் திரும்பும். இரண்டாம் கியர் என்றால் ஊரே கேட்கும். பார்க்க வேண்டியதுகூட இல்லை, காதைக் கொடுத்தால் போதும். பாறைக்கு இந்தப் பக்கம் ஒண்டிக்கொண்டாள். ஏழு மணிக்கு, மேலே ஆறாவது வளைவில் ஹாரன் கேட்டது. கீழே இருந்து வரவழைத்த மாற்று வேன். அதுவும் அதே ரகம், அதே ஆட்டோமேட்டிக். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்துடா, கத்துடா என்று அந்த எஞ்சினைக் கெஞ்சினாள்.

எஞ்சின் கத்தவில்லை. டயர் தார்ச்சாலையை உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு பிரேக் கிரீச்சிட்டது. வேன் வளைவில் சாய்ந்து திரும்பி அவளைத் தாண்டிப் போனது. முன்சீட்டில் தபால்காரர் உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேன் போன பிறகும் பிரேக் சூடேறிய வாடை அங்கேயே நின்றது.

தம்பிக்குப் போன் செய்யப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். ஓட்டுகிறவனுக்கு இப்போது போன் அடித்தால் அதற்காக ஒரு கையை எடுப்பான். இன்னும் ஏழு வளைவு இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் ஒன்றும் செய்யாமல், ஓர் அடி எடுத்து வைக்காமல், இருபத்தைந்து நிமிடம் நின்றாள். பிறகு மையத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். வந்துவிட்டார்கள், பதினொரு பேரையும் படுக்க வைத்தாயிற்று என்றாள் நர்ஸ். பம்பரம் சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்து அழுதாள். அப்புறம் எழுந்து மேலே நடந்தாள்.

ஓட்டுநர்கள் அறையில் பலகை சார் நிர்வாகிக்காகப் பலகையைத் துடைத்துப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார். தம்பியின் பெயர் பக்கத்தில் நட்சத்திரத்துக்கு மூன்று கோடு போட்டிருந்தார். அவள் மெக்கானிக் எழுதிய தாளை மேசையில் வைத்தாள். அவர் படித்தார், திரும்பப் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என் கடிதத்த எடுத்துக் குடுங்க சார். அது பொய். இன்னைக்கு அவங்கள மேல கூட்டிட்டு வர நான் போறேன். இனிமே அவன் கையில சாவி குடுக்காதீங்க."

"யார் கையில?"

"என் தம்பி கையில."

நிர்வாகி வந்தார், மெக்கானிக்கைப் போனில் அழைத்துக் கேட்டார். அன்று சாயங்காலமே தம்பியை நிறுத்திவிட்டார்கள். பலகையைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. பலகை சாரே இரண்டு நாள் கழித்து அதைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார், அவரும் மனுஷன்தானே. தம்பி சமவெளியில் ஒரு கிடங்கில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. அவள் இரண்டு தடவை அவன் வீட்டுக்குப் போனாள். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாம் தடவை தம்பி மனைவி திறந்து, அவர் இல்லை அண்ணி என்று சொல்லிவிட்டு, உள்ளே வாங்க என்று சொல்லாமல் நின்றாள். உள்ளே அவன் இருமுவது கேட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை. பதினொரு பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தாள். தபால்காரர் அன்று வழக்கமான கேலி எதுவும் செய்யாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். தண்ணீர்த் தொட்டி தெரிந்ததும் தொண்டையைக் கனைத்தார்.

"உன் தம்பிக்கு ஞாயித்துக்கிழமை குழந்தை பிறந்துருச்சாம். பொண்ணு. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அவள் வேகத்தைக் குறைத்தாள். நெம்புகோலை இரண்டுக்கு இழுத்தாள். எஞ்சின் கத்த ஆரம்பித்தது. மூன்றாவது வளைவு வந்தது, நான்காவது வந்தது. தபால்காரர் அன்று தூங்கவில்லை, அவளுக்குத் துணையாக விழித்துக்கொண்டே வந்தார்.